அந்த லாரியின் வலது விளக்கு

(புதுக்கோட்டையில் ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பதினெட்டு வருடமாக இந்த ஊரில் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஸ்கூட்டரும் உண்டு, கியர் வண்டியும் உண்டு. வருகிறவர்கள் முதல் நாள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எத்தனை நாள்ல பேலன்ஸ் வரும்?" நாலு நாளில் வந்துவிடும். சைக்கிள் தெரிந்தவர்களுக்கு ஒரே நாள் போதும். ஆனால் ரோட்டில் எப்படி நடந்துகொள்வது என்பது எத்தனை நாளில் வரும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. யாரும் கேட்காத அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டேன்.

புதுக்கோட்டையில் நின்று வண்டியைப் பற்றிப் பேசுவதென்றால் சைக்கிளில்தான் தொடங்க வேண்டும். 1991-ல் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துக்கு வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு நிற்காமல் பெண்களை சைக்கிள் ஏற வைத்தது அந்த இயக்கம். வயல் வேலைக்குப் போனவர்கள், கல் உடைத்தவர்கள், அங்கன்வாடியில் வேலை பார்த்தவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதினார், நாடு படித்தது. அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கென்று யுனிசெப் 50 மொபெட் ஒதுக்கியதும் அந்தக் காலத்தில்தான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா களை எடுத்துவிட்டு வந்து, சாப்பாட்டை முடித்து, பள்ளிக்கூட மைதானத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். வாடகை சைக்கிள், பார் வைத்த ஆண்கள் சைக்கிள். நிலா வெளிச்சத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா ஓட்ட, பின்னால் ஓடிப்போய் கேரியரைப் பிடிக்கிற வேலை எனக்கு. கற்றுக்கொடுக்க வந்த அறிவொளி அண்ணன் மூன்று விஷயம் சொன்னார். இடது பக்கமாகப் போ. திரும்புவதற்கு முன்னால் கையைக் காட்டு. ஆள் குறுக்கே வந்தால் பெல் அடி. அம்மா அந்த மூன்றையும் இன்றுவரை மீறியதில்லை. ஒரு நாளைக்கு நாலு பஸ் போகிற எங்கள் கண்மாய்க்கரை ரோட்டுக்கு, சைக்கிள் வேகத்துக்கு, அந்த மூன்று விதி போதுமானதாக இருந்தது.

நான் கற்றுக்கொண்டது மாமாவின் டி.வி.எஸ். 50-ல். ஆக்ஸிலேட்டரை மெதுவாக முறுக்கு, பயப்படாதே, பின் பிரேக்கை மட்டும் பிடி, முன் பிரேக்கைத் தொட்டால் குப்புறப் போய்விடுவாய். இவ்வளவுதான் பாடம். மாமாவுக்கு அவருடைய அண்ணன் சொன்னதும் அதுவேதான். பிறகு பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால் ஊன்றாமல் எட்டு போட்டேன். லைசென்ஸ் வந்துவிட்டது.

அந்த எட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எட்டு நல்ல தேர்வு. வண்டியைச் சாய்க்கவும், மெதுவாகப் போகும்போது நிலைதடுமாறாமல் இருக்கவும் வருகிறதா என்று அது காட்டிவிடும். ஆனால் எட்டு போடுகிற மைதானத்தில் எதிரே பஸ் வராது. பின்னால் லாரி ஹாரன் அடிக்காது. குறுக்கே ஆடு ஓடாது. அங்கே நானும் என் வண்டியும் மட்டும்தான். ரோடு என்பது பல பேர் இருக்கிற இடம். அங்கே எப்படி இருப்பது என்று எட்டு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2003, ஆடி மாதம். திருமயத்தில் ஒரு டைப்பிங் கடையில் எனக்கு வேலை. தினமும் காலையில் புதுக்கோட்டையிலிருந்து போய்வருவேன். அன்றைக்கு எனக்கு முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. காற்றில் கல் தூசி கண்ணில் அடிக்கிறது. எப்போது தாண்டுவோம் என்று பின்னாலேயே போகிறேன். அந்த நேரத்தில் லாரியின் வலது இண்டிகேட்டர் மின்ன ஆரம்பித்தது.

இங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஹைவேயில் முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் "எதிரே வண்டி இல்லை, தாண்டிப் போ" என்று அர்த்தம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அர்த்தம். மாமா சொல்லித்தான் எனக்கும் தெரியும். அந்த விளக்கை நம்பி எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. அன்றைக்கும் முறுக்கினேன். லாரியின் பாதி நீளம் தாண்டியிருப்பேன். லாரி வலது பக்கம் இருந்த பெட்ரோல் பங்குக்குத் திரும்பியது.

சத்தம் நினைவில் இருக்கிறது, வலி பிறகுதான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. ஆனால் நான் கீழே கிடந்தபடி பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். பங்கிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். பாதிப் பேர் என்னைத் தூக்க வந்தார்கள், பாதிப் பேர் டிரைவரை இழுத்துப் போட்டு அடித்தார்கள். பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு இருக்கும் என்பது ஊர் முடிவு. அவர் கை இரண்டையும் கூப்பிக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சிக்னல் போட்டேன்யா... சிக்னல் போட்டுத்தான்யா திரும்புனேன்..." உதடு கிழிந்து ரத்தம் வழிய, அந்த மனிதர்தான் என்னை ஆட்டோவில் தூக்கி வைத்தவர்களில் ஒருவர். அவர் உண்மையைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து, மாவுக்கட்டோடு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனேன். அம்மாதான் கூட்டிப்போனார். "அவர் மேல தப்பு இல்லைங்க, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் போயிருக்கும். அந்த டிரைவர் அண்ணன் சாத்துக்குடிப் பையோடு வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "பாப்பா, நானும் பின்னால வர்றவனுக்கு வழி விட அதே லைட்டைத்தான் போடுவேன். திரும்பவும் அதே லைட்டைத்தான் போடுவேன். உன்னைய எப்படிக் குத்தம் சொல்றது?"

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. படுக்கையில் கிடந்த நாட்களில், எங்கள் தெருவில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த ஒரு பெரியவரிடம் மோட்டார் வாகனச் சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். 1988-ஆம் வருடத்துச் சட்டம், அதன் கீழ் 1989-ல் வந்த சாலை விதிகள். அதில் கைச் சைகைகள் இருந்தன. வலது பக்கம் திரும்பப் போகிறவர் வலது கையை நேராக வெளியே நீட்டி அப்படியே வைக்க வேண்டும். பின்னால் வருகிறவரைத் தாண்டிப் போகச் சொல்கிறவர் அதே கையை நீட்டி முன்னும் பின்னும் வீச வேண்டும். கை அசையாமல் நின்றால் ஒரு அர்த்தம், வீசினால் வேறு அர்த்தம். கைக்கு இரண்டு சொல் தெரிந்திருந்தது. கையின் இடத்தில் விளக்கு வந்தபோது, மின்னுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். இரண்டு சொல்லையும் அந்த ஒரு மின்னலில் ஏற்றிவிட்டோம். எப்படி நடந்திருக்கும் என்பது என் கணிப்புதான். ஆனால் என் கால் எலும்பு முறிந்தது அந்த இடத்தில்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சாலை விதியை நான் அன்றிலிருந்து ஒரு பேச்சு மொழியாகத்தான் பார்க்கிறேன். ரோட்டில் முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரு நொடி பேசுகிறோம். கண்ணைப் பார்க்க முடியாது, குரல் கேட்காது. விளக்கும், வண்டி நிற்கிற இடமும், வேகமும்தான் வார்த்தை. இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தைக்கு ஒரே அர்த்தம் இருந்தால்தான் அந்தப் பேச்சு நடக்கும். நம் ரோட்டில் எத்தனை வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே வருகிற பஸ் லைட்டை அடித்துக் காட்டினால் இங்கே "நான் நிற்க மாட்டேன், குறுக்கே வராதே" என்று அர்த்தம். இதே சைகையை "நீ போ" என்று வழிவிடக் காட்டுகிறவர்களும் உண்டு. நான்கு ரோடு சேருமிடத்தில் நேராகப் போகிறவர்கள் இரண்டு பக்க விளக்கையும் சேர்த்து மின்ன விடுகிறார்கள். இடது பக்கம் நிற்கிறவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும், இந்த வண்டி நம் பக்கம் திரும்புகிறது என்று நினைத்து அவர் கிளம்பிவிடுவார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் இருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்தார். அதில் இரண்டு விஷயம் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டன. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் 92 விழுக்காட்டினர் தாங்களாகவோ, வீட்டார், நண்பர்கள் மூலமாகவோ ஓட்டக் கற்றவர்கள். என் மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. இன்னொன்று, காரோடு மோதிய விபத்துகளில் பெரும்பாலானவை கார்க்காரர் வழிவிடாததால் நடந்தவை, அதிலும் குறுக்கே திரும்பியதால்தான் அதிகம். மோட்டார் சைக்கிளை நான் பார்க்கவே இல்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எதிரே வருகிற பஸ்ஸின் முகம் பெரிது, நெருங்க நெருங்க அது வளர்வது கண்ணுக்குத் தெரியும். நம் வண்டியின் முகம் ஒரு ஆள் அகலம்தான். தூரத்தில் அது ஒரு புள்ளி. நெடுநேரம் புள்ளியாகவே இருந்து, கிட்டே வந்தபிறகு சட்டென்று பெரிதாகும். அதற்குள் அவர் திரும்பிவிட்டிருப்பார். அங்கே வலது பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் இடது திருப்பத்தில் நடக்கிறது. நமக்கு வலது திருப்பத்தில்.

2017 ஏப்ரல் முதல் விற்கிற வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே முன் விளக்கு எரிகிறதே, அது நாம் கண்ணில் படுவதற்காகத்தான். அது தெரியாமல், எதிரே வருகிறவர்கள் ஐந்து விரலையும் குவித்து விரித்துக் காட்டி "லைட் எரியுது" என்கிறார்கள். நல்ல மனசோடுதான் காட்டுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு சத்துணவு அமைப்பாளர், கற்ற புதிதில் அப்படி யாரோ காட்டியதும் பதறிப்போய், அந்த வண்டியில் இல்லவே இல்லாத சுவிட்சைக் குனிந்து தேடியிருக்கிறார். நிமிர்ந்தபோது முன்னால் டவுன் பஸ். பிரேக் பிடித்துத் தப்பித்தார். தயவுசெய்து பகலில் யாருக்கும் விரலை விரித்துக் காட்டாதீர்கள்.

நான் இப்போது கற்றுக்கொடுக்கும்போது அதிக நாள் எடுத்துக்கொள்வது வலது திருப்பத்துக்குத்தான். நாலு நாள் பேலன்ஸ் என்றால் ஆறு நாள் வலது திருப்பம். ஏன் இவ்வளவு நாள் என்று சில பேர் சடைத்துக்கொள்வார்கள். என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். முதலில் கண்ணாடி. எங்கள் ஊர்ப் பையன்கள் வண்டி வாங்கியதும் முதல் வேலையாகக் கழற்றி வைக்கிற அந்தக் கண்ணாடிதான். அதில் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்க வேண்டும். பிறகு இண்டிகேட்டர். அது நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னும். திரும்புகிற நேரத்தில் போட்டால் ஒரு மின்னல்கூடப் பின்னால் வருகிறவர் கண்ணில் படாது. மூன்று நொடி முன்னால் போட வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது 33 மீட்டர், சுமாராக ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்த மின்கம்பத்துக்கும் இடையில் இருக்கிற தூரம். பிறகு கழுத்தைத் திருப்பி வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, ஏனென்றால் கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை உண்டு, நம்மைத் தாண்ட வருகிறவர் அந்த மூலையில்தான் இருப்பார். அதன்பிறகு ரோட்டின் நடுவை ஒட்டி வந்து, எதிரே வருகிறவர் போகும்வரை காத்திருந்து, திரும்பி, போய்ச் சேருகிற ரோட்டின் இடது பக்கத்தில் நுழைய வேண்டும். நம்மில் பாதிப் பேர் மூலையைக் குறுக்கே வெட்டி, எதிர்ப்பக்கம் நுழைந்து, பிறகு மெதுவாக இடது பக்கம் ஒதுங்குகிறோம். அந்த ரோட்டிலிருந்து வெளியே வருகிறவர் என்ன செய்வார்?

ஹைவேயில் இந்தத் திருப்பம் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு வேண்டாம் என்பேன். இடது பக்கம் ஒதுங்கி வண்டியை நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ஓய்ந்தபிறகு கடந்து போங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கை காட்டுவதைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு உண்டு. என் பின்னால் உட்கார்ந்து வரும்போது இன்றைக்கும் திருப்பம் வந்தால் அம்மாவின் வலது கை தானாக நீளும். "இண்டிகேட்டர் போட்டிருக்கேன்மா" என்றால், "விளக்கு வெயில்ல தெரியாதுடி" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சைக்கிளில் அதிக வேலை இல்லாத வலது கைக்கு மோட்டார் வண்டியில் இரண்டு பெரிய வேலை இருக்கிறது. ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் அந்தக் கையில். கையை எடுத்தால் வண்டி வேகம் குறையும், பின்னால் இருப்பவருக்கு அது தெரியாது, பிரேக்கும் கையில் இல்லை. அதனால் ஓட்டுகிறவர் முன்கூட்டியே காட்டிவிட்டுக் கையைப் பிடிமானத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், திருப்பத்தில் இரண்டு கையும் வண்டியில் இருக்க வேண்டும்.

மாமா சொன்ன முன் பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிறது. நிறுத்துகிற சக்தியில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவர் அந்தப் பெரும்பங்கைத் தொடாமலே விடுகிறார். குப்புற விழுவது முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்குவதால். மைதானத்தில் நான் சொல்வது, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி பிடியுங்கள், முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக, இரண்டு பிரேக்கையும் சேர்த்து. மணல் கிடக்கிற இடத்திலும், வண்டி சாய்ந்திருக்கும் வளைவிலும் அப்படிப் பிடிக்கக் கூடாது. அங்கே போவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். 2019 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறது, சின்ன வண்டிகளில் இரண்டு பிரேக்கையும் இணைத்த ஏற்பாடு இருக்கிறது. உதவிதான், ஆனால் பிடிக்கிற விரல் நம்முடையது.

முன் வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி என்பதற்கு நான் ஊர்ப் பெயரைத்தான் பாடமாக வைத்திருக்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுகிறோம். முன் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் "புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கல் உங்கள் பக்கத்தில் வந்துவிட்டால் நீங்கள் நெருங்கிப் போகிறீர்கள். மழையென்றால் தேவகோட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மழையில், நாள்பட்ட எண்ணெயும் தூசியும் ரோட்டில் மிதக்கிற அந்தப் பத்து நிமிடத்தில், ஓரமாக நின்றுவிடுவது இன்னும் நல்லது. இரவில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் போகிறவர்கள் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டிரெய்லரில் பின் விளக்கு இருக்காது, கரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் விளக்கு எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் அங்கே வேகம்.

ரவுண்டானாவில் யாருக்கு முதல் வழி என்று வகுப்பில் கேட்டால் "பெரிய வண்டிக்கு" என்று பதில் வரும். 2017-ல் வந்த ஓட்டுதல் விதிகள் சொல்வது, ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு. சிக்னலோ போலீசோ இல்லாத சந்திப்பில் பிரதான சாலையில் வருகிறவருக்கு. இரண்டும் சமமான ரோடாக இருந்தால் உங்களுக்கு வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு. ஒடுங்கிய மலைப்பாதையில் மேலே ஏறுகிறவருக்கு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, அங்கே போகிற பிள்ளைகள் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறார்கள். எஞ்சின் பிடிக்க வேண்டிய வேகத்தை முழுக்க பிரேக்கே பிடித்துச் சூடேறி, பாதி மலையில் பிரேக் இருக்காது. கியரில் இறங்குங்கள். இவையெல்லாம் எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படிக்க வேண்டியவை. படிக்கிறோமா? படக்குறியைப் பார்த்துப் பதிலை மனப்பாடம் செய்கிறோம்.

அபராதத்தை வைத்து நான் யாரையும் பயமுறுத்துவதில்லை. ஆனால் பெற்றோர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பதினாறு வயதில் ஸ்கூட்டிக்கு லைசென்ஸ் கிடைக்கும் என்று பல பேர் நம்புகிறீர்கள். பதினாறு வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு. இன்றைக்கு உங்கள் வாசலில் நிற்கிற பெட்ரோல் ஸ்கூட்டர் அதைவிடப் பெரியது. அதைத் தொடப் பதினெட்டு ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி சிறுவர்கள் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளை இருபத்தைந்து வயதுவரை லைசென்ஸ் வாங்க முடியாது. டியூஷனுக்கு நேரமாகிறது என்பதற்காக சாவியைக் கொடுக்காதீர்கள். எல்.எல்.ஆர். வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிற லைசென்ஸ் உள்ளவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தோழியையும் கூடாது.

ஹெல்மெட். 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று சென்னை உயர்நீதிமன்றம் உறுதியாகச் சொன்னபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது. அதன்பிறகு ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலும் முழங்கையிலும் பயணம் செய்யத் தொடங்கியது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் சாவின் ஆபத்தை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டது. இதோ, இந்த ஹெல்மெட்டைப் பாருங்கள். வெளி ஓட்டைவிட உள்ளே இருக்கிற இந்த தெர்மாகோல் மாதிரியான மெத்தைதான் முக்கியம். அடி விழும்போது அது நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது திரும்ப எழாது. விழுந்த ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டியது அதனால்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். போட்டதும் கன்னம் லேசாக அமுங்க வேண்டும். ஸ்ட்ராப்பைக் கட்டியபிறகு தாடைக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், மூன்று நுழையக் கூடாது. பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கான அளவு இல்லை. பின்னால் உட்காருகிற அம்மாவுக்கும் ஒன்று வாங்குங்கள், சட்டம் இரண்டு பேருக்கும்தான். ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயதுவரை உள்ள குழந்தைக்குத் தனி ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும். குழந்தை இருந்தால் வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது.

சேலை கார்டைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு பதறும். அழகில்லை என்கிறார்கள். பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், மூன்றும் இருக்க வேண்டும் என்று 1989-லேயே மத்திய மோட்டார் வாகன விதி சொல்லியிருக்கிறது. முந்தானையையும் துப்பட்டாவையும் முடிச்சுப்போட்டு இடுப்பில் செருகிய பிறகுதான் என் வகுப்பில் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

அந்த டிரைவர் அண்ணனிடம் திரும்புகிறேன். விபத்து நடந்த இடத்தில் ஓட்டுநருக்குச் சட்டம் ஒரு கடமை வைத்திருக்கிறது, அடிபட்டவருக்கு சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும். அடிக்கிற கூட்டம் ஒன்று திரண்டு வந்தால் எந்த டிரைவர் இறங்கி நிற்பார்? உயிருக்குப் பயந்து ஓடத்தான் செய்வார். அவர் ஓடிவிட்டால் போவது நம் உயிர். உதவி செய்கிறவர்களுக்கு இப்போது பயம் வேண்டியதில்லை. அவர்களுக்கான பாதுகாப்பை 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2019 திருத்தத்தில் 134ஏ என்று சட்டப் பிரிவாகவே வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் மேல் வழக்கு வராது, பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108-க்குப் போன் செய்யுங்கள், ஹெல்மெட்டைப் பிடுங்கி இழுக்காதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள். டிரைவரை விடுங்கள். யார் மேல் தப்பு என்பது உங்களுக்கு அந்த நிமிடத்தில் தெரியாது. என் விஷயத்தில் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நேரமாகிவிட்டது, கேள்விகளுக்குப் பிறகு கலையலாம். ஒன்றே ஒன்று. இந்த மண்டபத்து கேட் நேராக மெயின் ரோட்டில் திறக்கிறது. வெளியே இருட்டிவிட்டது, இது பஸ்கள் வரிசையாக வருகிற நேரம். வீடு வலது பக்கம் இருப்பவர்கள் குறுக்கே வெட்ட வேண்டாம். கேட்டில் ஒரு காலை ஊன்றி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். இடது பக்கம் திரும்பி, கொஞ்ச தூரத்தில் இருக்கிற ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிறவருக்கு வழி விட்டு, சுற்றித் திரும்பி வாருங்கள். சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். யார் முதல் கேள்வி?